ஏ.எல் ரிசல்ட் வந்தாச்சு: தங்கச்சிக்கு ஸ்கொலர்ஷிப் எங்க, எப்படிக் கேட்கிறது?

மேல்டிவிசன்
2025 மே 3, இரவு 10.12

எல்லாருக்கும் வணக்கம். நான் கொழும்பு புறக்கோட்டையில ஒரு புடவைக் கடையில வேலை செய்றேன். வீடு தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டம். அம்மா கொழுந்து, அப்பா ஃபெக்டரி. தங்கச்சிக்கு ஏ.எல்ல (உயர்தரப் பரீட்சை) கலைப்பிரிவு, ஒரு ஏ, ரெண்டு பி. நுவரெலியா மாவட்டம்ங்கிறதால பேராதனை கிடைக்க வாய்ப்பு இருக்குன்னு அவ ஸ்கூல் மிஸ் சொல்லியிருக்காங்க. எங்க லயத்துல (தோட்ட லைன் வீடுகள்) இருந்து கெம்பஸ் போற முதல் ஆள் அவதான். அதனால கேட்கிறதுக்கு வேற ஆள் இல்ல.

படிப்பு ஃப்ரீ, சரி. போர்டிங், சாப்பாடு, பஸ், போட்டோகொப்பி எல்லாத்துக்கும் சேர்த்து என் சம்பளத்துல மாசம் பத்தாயிரத்துக்கு மேல அனுப்ப முடியாது. தம்பி ஒருத்தன் ஓ.எல் (சாதாரணதரப் பரீட்சை) எழுதி முடிச்சிருக்கான். என்னென்ன ஸ்கொலர்ஷிப் இருக்கு, எப்ப போடணும், என்ன கடதாசி வேணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க. வாட்ஸ்அப்ல வர்ற லிங்க் வேணாம், அது முப்பது இருக்கு என்கிட்ட.

பனிமூட்டம்
மே 3, இரவு 10.40

ஸ்கொலர்ஷிப்னு பார்த்ததும் அஞ்சாம் ஆண்டுப் பரீட்சை பேப்பர் கேட்கிறீங்கன்னு ஓடி வந்தேன். நம்ம ஊர்ல அந்தச் சொல்லுக்கு வேற அர்த்தமே கிடையாதே! பத்து வயசுல பாஸ் பண்ணினா பேனர் கட்டுவோம், பத்தொன்பது வயசுல கெம்பஸ் போறப்ப "எப்படிச் சமாளிக்கப் போறியோ"ன்னு கேட்போம். தங்கச்சிக்கு வாழ்த்துகள் அண்ணே.

பழைய_வாத்தியார்
மே 4, காலை 6.15

தம்பி, முதலில் தங்கைக்கு என் ஆசி. முப்பத்தொரு வருடம் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

பெரியது மகாபொல, பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கான உதவித்தொகை. 1981இல் லலித் அத்துலத்முதலி வர்த்தக அமைச்சராக இருந்தபோது தொடங்கியது. அபிவிருத்தி லொத்தர் வருமானத்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. (லொத்தர் வாங்கும் அப்பாக்கள் பிள்ளைகளிடம் இதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.) திறமைக்கு ஒரு பிரிவு, குடும்ப வருமானத்தையும் புள்ளியையும் பார்த்துக் கொடுக்கும் சாதாரணப் பிரிவு ஒன்று. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதத் தொகையை 5,000இலிருந்து 7,500 ரூபாய்க்கு உயர்த்தினார்கள். மகாபொல கிடைக்காதவர்களுக்கு பர்சரி என்ற இன்னோர் உதவித்தொகை. அது 4,000இலிருந்து 6,500. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது.

அடுத்தது நம்மவர்களுக்கென்றே உள்ளது: இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம். இந்தியத் தூதரகத்தோடு சேர்ந்தது, 1940களில் ஏற்படுத்தியது. ஏ.எல் படிக்கும் பிள்ளைகளுக்கும் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறார்கள். கண்டியில் இருக்கும் உதவி இந்தியத் தூதரகத்தைக் கேட்டால் விபரம் கிடைக்கும். பத்திரிகையில் அறிவித்தல் வரும். ஆனால் தோட்டத்துக்குப் பேப்பர் வந்து சேர்வதற்குள் முடிவுத் திகதி நெருங்கிவிடும். அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

பெற்றோர் தோட்டத்தில் பதிவுத் தொழிலாளர் என்றால் ஊழியர் நம்பிக்கை நிதியத்தில் (ஈ.டி.எஃப்) அங்கத்தவர்கள். சம்பளத்தில் 3 வீதம் தோட்டம் கட்டுகிறது. அங்கத்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்த நிதியச் சபையின் புலமைப்பரிசில் உண்டு, ஐந்தாம் ஆண்டுக்கும் ஏ.எல்லுக்கும். என் அனுபவத்தில் பத்து வீட்டில் ஒன்பது வீட்டுக்கு இது தெரியாது. அம்மாவின் ஈ.டி.எஃப் இலக்கத்தை இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.

தம்பி ஓ.எல் சித்தியடைந்து ஏ.எல் போனால் ஜனாதிபதி நிதியத்தின் உதவிக்குப் போடலாம். அது கல்வி வலயம் வழியாக வருவது, அதிபர் கையில் போர்ம் இருக்கும்.

பதுளை_ரயில்
மே 4, காலை 9.02

சேர் சொன்ன லிஸ்ட் சரி. ஆனா லிஸ்ட் தெரியாம யாரும் இங்க தோத்துப் போகல. என் கதையைச் சொல்றேன்.

எனக்கு ஒரு உதவித்தொகை நேர்முகத்துக்குக் கடிதம் வந்துச்சு. முகவரி எப்படி இருந்துச்சு தெரியுமா? என் பேர், கீழ் டிவிசன், தோட்டத்துப் பேர், பதுளை. அவ்வளவுதான். எங்க லயத்துக்கு நம்பர் கிடையாது, லயத்து அறை, அந்தக் காம்பராவுக்கும் கிடையாது. தபால் எல்லாம் தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து காலையில ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக் களத்துல கங்காணி கையில போய், அவர் வீட்டு அலமாரி மேல கெடந்து, எங்க அம்மா கையில வந்தப்போ நேர்முகம் முடிஞ்சு பதினோரு நாள். அதே பேர்ல டிவிசன்ல மூணு பேர் இருக்கோம்; கடிதம் முதல்ல போனது வேற வீட்டுக்கு.

யாரையும் திட்டிப் பிரயோசனம் இல்ல. அதுக்கப்புறம் நான் எந்த போர்ம்லயும் தோட்ட முகவரி போடல. டவுன்ல எங்க சித்தப்பா வேலை செய்ற கடை முகவரிதான், "மேற்பார்வை"ன்னு போட்டு. நிரந்தர முகவரிக்குத் தோட்டம், தபால் முகவரிக்குக் கடை. போர்ம்ல ரெண்டுக்கும் தனித்தனி இடம் இருக்கும், நாமதான் ரெண்டுலயும் ஒண்ணையே எழுதுறோம். ஃபோன் நம்பரும் உங்க தங்கச்சி நம்பர் மட்டும் போடாதீங்க, உங்க நம்பரையும் போடுங்க. தோட்டத்துல சிக்னல் எந்தப் பாறைக்கு மேல கிடைக்கும்னு உங்களுக்கே தெரியும்.

கெம்பஸ்_தேர்ட்_இயர்
மே 4, பகல் 1.30

பேராதனையில மூணாம் வருசம் படிக்கிறேன், கலைப்பீடம். அண்ணே, ஒரு விசயம் யாரும் சொல்ல மாட்டாங்க. மகாபொல கிடைச்சாலும் முதல் தவணை கையில வர்றதுக்கு மாசக்கணக்காகும். எனக்கு வந்தப்போ முதலாம் செமஸ்டர் முடியப் போகுது. அப்புறம் நிலுவையோட சேர்த்துப் போட்டாங்க, அது சந்தோசம்தான், ஆனா இடையில ரெண்டு தடவை தோடு அடகுக்குப் போச்சு. அதனால நீங்க மகாபொலவை நம்பிக் கணக்குப் போடாதீங்க. முதல் ஆறு மாசத்துக்கு வேற வழி பாத்து வைங்க. ஹொஸ்டல் கிடைச்சா பாதி பாரம் குறையும், தூரமும் வருமானமும் பார்த்துத்தான் குடுப்பாங்க, அதுக்கும் இதே கடதாசிகள்தான் வேணும்.

தங்கச்சி பேர்லயே ஒரு பேங்க் எக்கவுண்ட் இப்பவே தொறந்துடுங்க. அடையாள அட்டையில என்ன எழுத்து இருக்கோ அதே எழுத்து பேங்க் புத்தகத்துலயும் இருக்கணும். எனக்கு அப்பா பேர்ல ஒரு எழுத்து கூடப் போய் நாலு மாசம் அலைஞ்சேன்.

நோர்வூட்_நேரு
மே 4, பகல் 2.15

இதெல்லாம் சும்மா. தொழிற்சங்கத் தலைவர் கடிதம் இல்லாம ஒண்ணும் நடக்காது. எங்க டிவிசன்ல வாங்கினவன் எல்லாம் அப்படி வாங்கினவன்தான்.

கெம்பஸ்_தேர்ட்_இயர்
மே 4, பகல் 2.41

அண்ணே மன்னிக்கணும், நான் யார் கடிதமும் இல்லாமத்தான் வாங்கினேன். மகாபொலவுக்குப் புள்ளியும் வருமானமும்தான். தலைவர் வீட்டு வாசல்ல நிக்கிற நேரத்துக்குப் பிரதேச செயலகத்துல நின்னிருந்தா ரெண்டு கடதாசி கைக்கு வந்திருக்கும்.

நோர்வூட்_நேரு
மே 4, பகல் 2.58

மகாபொலவை நான் சொல்லல. வெளியில குடுக்கிற சின்னச் சின்ன உதவிகளைச் சொன்னேன். அதுல ஆள் பார்த்துத்தான் குடுக்கிறாங்க, இல்லைன்னு நெஞ்சில கை வச்சுச் சொல்லுங்க.

பழைய_வாத்தியார்
மே 4, மாலை 5.20

நோர்வூட் தம்பி சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆள் பார்த்துக் கொடுப்பதை நானும் கண்டிருக்கிறேன், வாயை மூடிக்கொண்டும் இருந்திருக்கிறேன். ஆனால் கடிதம் தேடிப் போன பிள்ளைகள் பலர் போர்மையே அனுப்பாமல் விட்டதையும் கண்டிருக்கிறேன்.

நம்முடையது கடதாசி இல்லாமல் வைக்கப்பட்ட சனம். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு என் அப்பாவிடம் எந்த நாட்டுக் கடதாசியும் இல்லை. மிச்சம் இருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வழி பிறந்தது. அதனாலோ என்னவோ, ஒரு போர்மைக் கண்டால் யாராவது பெரிய ஆள் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும் என்ற பயம் நம்மவர்களுக்கு இன்னும் போகவில்லை.

எட்டுமணி_பிரட்டு
மே 4, இரவு 8.47

வருமானச் சான்றிதழ் பத்தி நான் சொல்லியே ஆகணும், ஏன்னா அதுலதான் என் தம்பி விழுந்தான்.

கிராம சேவகர்கிட்ட போனோம். நல்ல மனுசன், புதுசா வந்தவர். "நாள் சம்பளம் எவ்வளவு?"ன்னு கேட்டார். அம்மா "1350"ன்னு சொன்னாங்க. அவர் 25 நாளால பெருக்கினார், 33,750. அப்பாவும் தோட்டமா, ரெண்டால பெருக்கு, 67,500. பன்னெண்டால பெருக்கு. வருசத்துக்கு 8,10,000ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டார். அம்மா சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டு வந்தாங்க, அவ்வளவு பணத்தை அவங்க கடதாசியில கூடக் கண்டதில்ல.

நிஜம் என்ன? அந்த மாசம் அம்மாவுக்கு 14 பேர், அதாவது 14 நாள் வேலை. மழை, கொழுந்து இல்லாத காலம். 18,900. அதுல சேமலாப நிதி 8 வீதம், 1,512. அப்புறம் தீபாவளி முற்பணம், சந்தா, தேயிலைத் தூள். கையில வந்தது பதினொண்ணாயிரத்துச் சொச்சம். அப்பாவுக்கு இடுப்பு வலி, மூணு மாசமா பேரே இல்ல.

அந்தச் சான்றிதழோட போர்ம் போனதுனால தம்பிக்குக் கிடைக்கல. அடுத்த வருசம் தங்கச்சிக்கு என்ன செஞ்சோம்னா, கடைசி பன்னெண்டு மாசச் சம்பளச் சிட்டையும் ஒரு கயித்துல கோத்துக் கொண்டு போனோம். சில சிட்டை காணாமப் போயிருந்துச்சு, ஆபீஸ்ல கிளாக்கர் ஐயாகிட்ட பேர் பதியிற செக்ரோல் புத்தகத்தைப் பார்த்து எழுதிக் கேட்டோம், குடுத்தார். எல்லாத்தையும் கிராம சேவகர் மேசையில வச்சு "சேர், கூட்டிப் பாருங்க"ன்னோம். கூட்டினார். பழைய கணக்குல பாதி கூட இல்ல. அதையே எழுதி, பிரதேச செயலாளர் மேலொப்பமும் வாங்கினோம்.

நான் சம்பளத்தைக் குறைச்சுக் காட்டச் சொல்லல. உள்ளதைக் காட்டுங்க. உள்ளதே போதும்!

மேல்டிவிசன்
மே 4, இரவு 9.30

அண்ணே இது பெரிய உதவி. எங்க அம்மா சிட்டை எல்லாம் அடுப்புப் பத்த வைக்கப் போட்டுருவாங்க. இப்பவே ஃபோன் போட்டுச் சொல்றேன்.

இன்னொண்ணு. தங்கச்சியோட பிறப்புச் சாட்சிப் பத்திரத்துல அப்பா பேர் சிங்களத்துல எழுதினது, அதை மொழிபெயர்த்தப்போ வேற மாதிரி வந்திருக்கு. அப்பாவோட அடையாள அட்டையில ஒரு மாதிரி, இதுல ஒரு மாதிரி. பிரச்சினை வருமா?

கெம்பஸ்_தேர்ட்_இயர்
மே 4, இரவு 9.52

வரும். அவசரத்துக்கு சமாதான நீதவான்கிட்ட "இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும்"னு சத்தியக்கடதாசி முடிச்சு வச்சுக்கங்க, பல இடத்துல ஏத்துப்பாங்க. ஆனா அதோட விடாதீங்க, பிரதேச செயலகத்துல பதிவாளர் பகுதியில திருத்தத்துக்கு எழுதிக் குடுங்க. அது நாளாகும், பரவாயில்ல. பட்டம் வாங்கி வேலைக்குப் போறப்பவும் இதே எழுத்து வந்து நிக்கும்.

ரிசல்ட் வந்ததுக்கும் கட் ஓஃப் (கெம்பஸ் வெட்டுப்புள்ளி) வர்றதுக்கும் நடுவுல மாசக்கணக்குல இடைவெளி இருக்கு. எல்லாரும் அதை டியூசன் குடுத்தோ கடையில நின்னோ கழிக்கிறாங்க. கடதாசி வேலைக்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

ஹட்டன்_அக்கா
மே 5, காலை 10.05

ஊர்ல ஒரு சின்னப் பழைய மாணவர் நிதிக்கு வர்ற விண்ணப்பங்களை வாசிக்கிற ஆள்ல நானும் ஒருத்தி. வருசத்துக்கு அஞ்சாறு பேருக்குத்தான் குடுக்க முடியும். எண்பது கடிதம் வந்தா எழுபது ஒரே மாதிரித் தொடங்கும்: "நான் வறுமைக்கோட்டின் கீழ் வாழும் தோட்டத் தொழிலாளியின் மகளாவேன்." டியூசன் வகுப்புல யாரோ எழுதிக் குடுத்து எல்லாரும் பார்த்து எழுதினது. யாரை எடுக்கிறது, யாரை விடுறது?

போன வருசம் ஒரு புள்ள எழுதியிருந்தா. எனக்கு மனப்பாடம் இல்ல, கிட்டத்தட்ட இப்படி: "எங்கள் காம்பராவில் ஒரே பல்ப், அது அடுப்படியில். அம்மா நாலரைக்கு எழுந்து ரொட்டி சுடுவார். அந்த ஒரு மணித்தியாலம் நான் பொருளியல் பழைய வினாத்தாள் செய்வேன். ஐந்து வருட வினாத்தாளை மூன்று தடவை செய்து முடித்தேன்." அவ்வளவுதான். ஏழைன்னு ஒரு சொல் இல்ல. கீழ செலவுக் கணக்கு எழுதியிருந்தா: போர்டிங் இவ்வளவு, பஸ் இவ்வளவு, அண்ணன் அனுப்புறது இவ்வளவு, குறையுறது இவ்வளவு. அந்தக் கடைசிக் கணக்குதான் எங்களுக்கு வேணும். எவ்வளவு குறையுதுன்னு சொன்னா, குடுக்கிறவனுக்கு முடிவு எடுக்க லேசு.

மேல்டிவிசன் தம்பி, தங்கச்சியையே எழுதச் சொல்லுங்க. நீங்க எழுதிக் குடுக்காதீங்க.

சிங்கமலை_சிங்கம்
மே 5, காலை 11.20

நான் ஏ.எல் ரெண்டாம் வருசம். அக்கா, கோவிக்காதீங்க. எனக்கு அந்த "தோட்டத் தொழிலாளியின் பிள்ளை"ங்கிற பெட்டியில சரி போடவே புடிக்கல. ஹட்டன்ல எங்க ஸ்கூல்ல நான் எங்க இருந்து வர்றேன்னு பாதிப் பேருக்குத் தெரியாது. உதவித்தொகை குடுக்கிற அன்னைக்கு மேடையில நிப்பாட்டி, மாலை போட்டு, போட்டோ எடுத்து ஃபேஸ்புக்ல போடுறாங்க. பிச்சை வாங்கின மாதிரி. எங்க அக்கா போட்டோ இன்னும் கிடக்கு.

ஹட்டன்_அக்கா
மே 5, பகல் 12.10

கோவம் இல்ல தம்பி. போட்டோ விசயத்துல நீ சொல்றது நூத்துக்கு நூறு. எங்க நிதியில அதை நிப்பாட்ட ரெண்டு வருசம் சண்டை போட்டேன். காசு குடுக்கிறவங்க சிலர் அதுக்காகவே குடுக்கிறாங்க, என்ன செய்ய. "போட்டோ வேணாம்"னு வாயைத் தொறந்து சொல்லலாம், சொன்ன புள்ளைங்க இருக்காங்க, அதுக்காகக் காசு நிக்கல.

ஆனா அந்தப் பெட்டி வேற. தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் உங்க அம்மா மாதிரி ஆளுங்க பேர்ல இருக்கிறது. உங்க அம்மா கூடையில சேர்ந்த உரிமை. அதுல சரி போடாம விட்டா அது வேற ஒருத்தருக்குப் போகும்.

சிங்கமலை_சிங்கம்
மே 5, பகல் 12.34

பார்ப்போம் அக்கா.

பனிமூட்டம்
மே 6, இரவு 7.15

வெளிநாட்டு ஸ்கொலர்ஷிப் பத்தி ஒருத்தரும் பேசலையே? இந்தியாவுல முழுச் செலவும் குடுக்கிறாங்கன்னு ஒரு ஏஜென்சி சொன்னாங்க. பதிவுக் கட்டணம் 25,000 கட்டச் சொல்றாங்க.

பழைய_வாத்தியார்
மே 6, இரவு 8.00

கட்டாதே அம்மா. கட்டவே கட்டாதே.

இந்திய அரசு கொடுப்பது உண்மை. இளமானிப் பட்டத்துக்கு நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில், தகவல் தொழில்நுட்பத்துக்கு ராஜீவ் காந்தி, முதுமானிக்கு மௌலானா ஆசாத். படிப்புக் கட்டணம் முழுவதும், மாதாந்தப் படி, தங்குமிடப் படி, புத்தகத்துக்கு ஒரு தொகை. மருத்துவம் இதில் இல்லை. இந்தியத் தூதரகம் அறிவிக்கும், நமது கல்வி அமைச்சோடு சேர்ந்து தெரிவு செய்வார்கள். இடையில் ஏஜென்சிக்கு வேலையே இல்லை. படிப்பு ஆங்கிலத்தில், ஆகவே ஓ.எல் ஆங்கிலப் பெறுபேறு முக்கியம். தோட்டப் பாடசாலைகளில் பிள்ளைகள் விழும் இடமும் அதுதான். எத்தனையோ வருடம் எங்கள் பாடசாலையில் ஆங்கிலத்துக்கு ஆசிரியரே இல்லை, நான்தான் தமிழ்ப் பாடத்துக்கு நடுவே ஒப்பேற்றினேன். இந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

பனிமூட்டம்
மே 6, இரவு 8.11

நல்லவேளை கேட்டேன் சேர். அம்மா சீட்டு எடுக்கிறதா இருந்தாங்க.

பதுளை_ரயில்
மே 6, இரவு 9.26

கட் ஓஃப்ல விழுந்தா என்ன செய்றதுன்னும் யோசிச்சு வைங்க. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இருக்கு, ஏ.எல் பெறுபேறுலயே எடுக்கிறாங்க, அங்கயே தங்கிப் படிச்சு டீச்சரா வரலாம். திறந்த பல்கலைக்கழகத்துக்கு ஹட்டன்லயே கற்கை நிலையம் இருக்கு, வேலை செஞ்சுக்கிட்டே படிக்கலாம். 2017ல இருந்து அரசாங்கத்தோட வட்டியில்லாக் கடன்ல தனியார் கெம்பஸ் போறவங்களும் இருக்காங்க, ஆனா அது ஸ்கொலர்ஷிப் இல்ல, கடன். திருப்பிக் கட்டணும். அதை மறந்துட்டுக் கையெழுத்துப் போட்ட ஆள் என் பக்கத்து வீட்டிலயே இருக்கான்.

மேல்டிவிசன்
2025 டிசம்பர் 14, இரவு 9.05

இந்த இழையைத் திரும்பத் தூக்குறதுக்கு மன்னிக்கணும். தங்கச்சிக்குப் பேராதனை கிடைச்சது. வருமானச் சான்றிதழ் எட்டுமணி_பிரட்டு அண்ணன் சொன்னபடி சிட்டையோட போய் எடுத்தோம். கிளாக்கர் ஐயா முதல்ல முகம் சுளிச்சார், அப்புறம் அவரே மூணு மாசத்துது தேடிக் குடுத்தார். மகாபொலவுக்குப் போட்டாச்சு, முடிவு வரல. தோட்டத் தொழிலாளர் நிதியத்துக்கும் போட்டாச்சு. தபால் முகவரி என் கடை முகவரிதான். முதலாளிகிட்ட சொல்லி வச்சிருக்கேன், கடிதம் வந்தா கல்லாவுக்குள்ள வைக்கச் சொல்லி.

இப்ப வேற பிரச்சினை. டித்வா புயல் மழையில எங்க லயத்துக்குப் பின்னால மண் சரிஞ்சு, எல்லாரையும் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டாங்க. பத்து நாளைக்கு மேல அங்கதான் இருந்தாங்க. தங்கச்சி ஓடுறப்போ ஃபைலைப் பொலித்தீன்ல சுத்திக் கையோட எடுத்துட்டுப் போயிருக்கா. அவ கடதாசி எல்லாம் பத்திரம். அம்மாவோட அடையாள அட்டையும் ஈ.டி.எஃப் நம்பர் எழுதின கொப்பியும் அலமாரியில இருந்துச்சு, அலமாரியே இல்ல. நிதியத்துல இருந்து அம்மா அட்டையோட கொப்பி ஒண்ணு கேட்டிருக்காங்க. எங்க இருந்து தொடங்குறது?

பழைய_வாத்தியார்
டிசம்பர் 15, காலை 6.10

எல்லாரும் உயிரோடு இருக்கிறீர்களே, அது போதும்.

முதலில் பொலிசில் அட்டை தொலைந்த முறைப்பாடு போட்டு அதன் பிரதியை வாங்குங்கள். அதோடு கிராம சேவகரிடம் போய்ப் புதிய அட்டைக்கான போர்மை நிரப்பினால் அவர் பிரதேச செயலகத்துக்கு அனுப்புவார். அம்மாவின் பிறப்புச் சாட்சிப் பத்திரமும் போயிருந்தால் அதன் பிரதியை முதலில் எடுத்துவிடுங்கள். ஈ.டி.எஃப் இலக்கம் தோட்ட ஆபீஸ் புத்தகத்தில் இருக்கும், அதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். நிதியத்துக்கு இன்றைக்கே ஒரு கடிதம் எழுதி, முறைப்பாட்டுப் பிரதியை வைத்து, புதிய அட்டை வரும் வரை அவகாசம் கேளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ரசீதைத் தங்கையிடம் கொடுங்கள், நீங்கள் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மேல்டிவிசன்
டிசம்பர் 15, காலை 6.42

சரி சேர். எட்டு மணிக்குப் போஸ்ட் ஒஃபிஸ் தொறந்ததும் போறேன். ரசீதை அவகிட்டயே குடுத்துடுறேன், நான் மே மாசம் ஒரு தடவை தொலைச்சது அவளுக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.